உஷார்! வாட்ஸ்அப்பில் அப்டேட் வராது

பஸ் மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருக்கும். பாதி தூரத்துக்குப் போன் செத்துக் கிடக்கும். ஏதோ ஒரு வளைவில் சிக்னல் கோடு ஒன்று எட்டிப் பார்க்கும். உடனே முன் சீட்டிலிருந்து பின் சீட்டு வரைக்கும் ‘டிங் டிங்’ என்று சத்தம். நேற்று ராத்திரியிலிருந்து கீழே காத்துக்கிடந்த மெசேஜ் எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழும். குரூப்பில் காலை வணக்கம், ரீசார்ஜ் முடியப்போகிறது என்ற மிரட்டல், திருப்பூரில் வேலை பார்க்கும் பையனின் வாய்ஸ், யாரோ ஒருவரின் காதுகுத்துப் பத்திரிகை. அந்தக் குவியலுக்கு நடுவே ஒன்று: ‘உங்கள் போன் பழைய வெர்ஷனில் ஓடுகிறது. இன்று இரவுக்குள் அப்டேட் செய்யாவிட்டால் வங்கிச் சேவை நின்றுவிடும்.’ அதற்குக் கீழே ஒரு ஃபைல். அடுத்த வளைவில் சிக்னல் போய்விடும். அதற்குள் அமுக்கியாக வேண்டும் என்று கை பரபரக்கும்.

அமுக்காதீர்கள். தயவுசெய்து அமுக்காதீர்கள்.

ஜவ்வாது மலைக்காரர்களுக்குச் சிக்னலின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை. இதே மலையில், காவலூரில், 2.34 மீட்டர் கண்ணாடி பொருத்திய தொலைநோக்கியை வைத்துக்கொண்டு வானியல் அறிஞர்கள் எங்கேயோ இருக்கிற விண்மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே ஊரில் ஒரு போன் பேச, எந்தப் பாறைமேல் ஏறினால் ‘டவர் எடுக்கும்’ என்று தேட வேண்டியிருக்கிறது. சிக்னல் கிடைக்கிற பத்து நிமிஷத்தில் எல்லா வேலையையும் முடித்துக்கொள்ளும் பழக்கம் இப்படித்தான் வந்தது. அந்த அவசரத்தை நம்பித்தான் போலி அப்டேட்காரன் வலை விரிக்கிறான். யோசிக்க நேரம் இல்லாதவனைத்தான் அவன் தேடுகிறான்.

இத்தனை வருஷமாக நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று: “ஓடிபியை யாருக்கும் சொல்லாதே.” வங்கி சொன்னது, போலீஸ் சொன்னது, காலர் டியூனில்கூடச் சொன்னார்கள். நல்ல பாடம்தான். ஆனால் அந்தப் பாடம் இப்போது பாதிதான் காப்பாற்றும். ஏனென்றால் புதிய திருடன் ஓடிபி கேட்பதே இல்லை. ‘சார், பேங்க் மேனேஜர் பேசறேன்’ என்று இழுத்து இழுத்துப் பேசுவதும் இல்லை. உங்கள் கையாலேயே உங்கள் போனுக்குள் ஓர் ஆளைக் குடிவைக்கச் செய்கிறான். ஓடிபி வந்ததும் உங்களுக்கு முன்னால் அந்த ஆள் படித்துவிடுவான்.

அந்த ஆளின் பெயர் ஏ.பி.கே. ஃபைல். ஆண்ட்ராய்டு போனில் ஓர் ஆப்பை நிறுவுவதற்கான பொட்டலம் அது. பொட்டலம் தன்னளவில் குற்றவாளி இல்லை. பிளே ஸ்டோரிலிருந்து ஆப் இறங்கும்போதும் உள்ளே நடப்பது இதே வேலைதான். அங்கே பொட்டலத்தைச் சோதித்துப் பார்க்க ஒருவர் இருக்கிறார், வாட்ஸ்அப்பில் வரும் பொட்டலத்தை அனுப்பும் முன் சோதிக்க யாரும் இல்லை. ஃபைல் பெயரின் கடைசியில் ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் ஏ, பி, கே என்று மூன்று ஆங்கில எழுத்துகள். கல்யாணப் பத்திரிகை என்று சொன்னாலும், ஆர்.டி.ஓ. அபராத ரசீது என்று சொன்னாலும், பேங்க் கே.ஒய்.சி. என்று சொன்னாலும், வால் அதுவாக இருந்தால் அது பத்திரிகையும் இல்லை, ரசீதும் இல்லை. படமோ காகிதமோ அந்த வாலோடு வராது.

உள்ளே நுழைந்ததும் அது ஒவ்வொன்றாக அனுமதி கேட்கும். எஸ்.எம்.எஸ். படிக்கலாமா, அனுப்பலாமா, நோட்டிஃபிகேஷன் பார்க்கலாமா? ‘அலோ’ ‘அலோ’ என்று நாம் பழக்கதோஷத்தில் அமுக்கிக்கொண்டே போவோம். பிறகு ஆக்சஸிபிலிட்டி என்று ஒன்று கேட்கும். இது பார்வையற்றவர்களுக்கும் கை அசைக்க முடியாதவர்களுக்கும் செய்த வசதி. திரையில் இருப்பதைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானையும் அமுக்கும். இதைத் திருடனுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டுமா? சாவியையும் கொடுத்து, பீரோ எங்கே இருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்டியதுபோலத்தான்.

அதோடு நிற்பதில்லை. அசல் வங்கிப் பக்கம்போல ஒரு பக்கம் திறக்கும். ஆதார் எண், பிறந்த தேதி, ஏ.டி.எம். கார்டு எண், பின் நம்பர். எல்லாம் போட்டு முடித்ததும் ‘சர்வர் பிஸி, 24 மணி நேரத்தில் சரியாகும்’ என்று ஒரு வரி வரும். ஆப்பின் சின்னமே திரையிலிருந்து காணாமல் போய்விடுவதும் உண்டு. ‘சரி, இன்ஸ்டால் ஆகலை போல’ என்று நீங்கள் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாமை அறுக்கப் போய்விடுவீர்கள். யுபிஐ ஆப்பை வேறொரு போனில் உயிர்ப்பிக்க வேண்டுமானால் உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். அனுமதி கொடுத்திருந்தால் அதையும் அந்தப் போலி ஆப்பே அனுப்பிவைக்கும்.

மலையில் பலர் நினைப்பதுபோல ‘நமக்குத்தான் நெட்டே கிடையாதே, எப்படித் திருடுவான்?’ என்று நிம்மதியாக இருக்க முடியாது. நம் நாட்டு வங்கி வாடிக்கையாளர்களைக் குறிவைத்த ஒரு பெரிய கும்பலை 2025 பிப்ரவரியில் ஜிம்பீரியம் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஏறக்குறைய 900 போலி ஆப்கள், சுமார் 50,000 பேரின் தகவல்கள். அந்த ஆப்களில் பல, வந்த ஓடிபியை இன்டர்நெட் வழியாக அனுப்பவில்லை. திருடனின் நம்பருக்குச் சாதாரண எஸ்.எம்.எஸ்ஸாகவே தள்ளிவிட்டன. நெட் இல்லாத ஊரிலும் எஸ்.எம்.எஸ். போகிற அளவுக்கு ஒரு கோடு சிக்னல் இருந்தால் போதும்.

இது மலைக்கு மட்டும் வந்த சனி இல்லை. 2021 மார்ச்சில் இதே ஜிம்பீரியம் கண்டுபிடித்த ஒரு வைரஸின் பெயரே ‘சிஸ்டம் அப்டேட்’. பிளே ஸ்டோருக்கு வெளியே சுற்றியது. மெசேஜ், போட்டோ, இருக்கும் இடம் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டே, மேலே ‘அப்டேட் தேடுகிறது’ என்று ஒரு நோட்டிஃபிகேஷனைக் காட்டிக்கொண்டிருந்தது. 2024 ஏப்ரலில் குரோம் பிரவுசரை அப்டேட் செய்யச் சொல்லும் போலிப் பக்கம் வழியாகப் பரவிய ‘பிரோக்வெல்’ என்ற திருட்டு மென்பொருளை நெதர்லாந்து நிறுவனம் ஒன்று பிடித்தது. நியூசிலாந்தில் 2021இல் நடந்ததுதான் உச்சம். ‘ஃப்ளூபாட்’ என்ற வைரஸ் பரவுகிறது என்று ஊரே பயந்துகொண்டிருந்த நேரம். அந்த வைரஸ்காரர்களே ஒரு பக்கம் தயாரித்து, ‘உங்கள் போனில் ஃப்ளூபாட் இருக்கிறது, பாதுகாப்பு அப்டேட்டை நிறுவுங்கள்’ என்று எழுதினார்கள். நிறுவியவர்களுக்கு ஃப்ளூபாட்டே வந்து சேர்ந்தது. பாம்புக்கு மருந்து என்று சொல்லி பாம்பையே விற்றார்கள்!

நம் ஊரில் ‘பிங்க் வாட்ஸ்அப்’ நினைவிருக்கிறதா? பச்சை வாட்ஸ்அப் ரோஸ் நிறத்துக்கு மாறும், புது வசதி எல்லாம் வரும் என்று 2021லும் 2023லும் குரூப் குரூப்பாகச் சுற்றியது. 2023 ஜூனில் மும்பை போலீஸ் வெளிப்படையாக எச்சரிக்க வேண்டி வந்தது. ரோஸ் நிறத்துக்கு ஆசைப்பட்டு ஒருவர் ஏமாறுவாரா என்று சிரிக்கலாம். ஆனால் அந்த லிங்க் முன்பின் தெரியாத நம்பரிலிருந்து வரவில்லை. மாமன் நம்பரிலிருந்து, பள்ளிக்கூடத்து சார் நம்பரிலிருந்து, பால் சொசைட்டி குரூப்பிலிருந்து வந்தது. ஒரு போன் மாட்டினால் அதிலுள்ள எல்லா நம்பருக்கும் அந்த ஆப் தன்னையே அனுப்பிக்கொள்ளும். ‘தெரிந்தவர் அனுப்பினார்’ என்பது இந்த விஷயத்தில் எந்த உத்தரவாதமும் இல்லை. அவர் அனுப்பியதாக அவருக்கே தெரியாது.

அரசுப் பணம் வரும் வீடுகளையும் குறிவைக்கிறார்கள். பி.எம். கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு 6,000 ரூபாய், 2,000 ரூபாயாக மூன்று தவணை. ‘தவணை நின்றுவிட்டது, இந்த ஆப்பை நிறுவி ஆதாரைப் புதுப்பியுங்கள்’ என்று அந்தத் திட்டத்தின் பெயரிலேயே வாட்ஸ்அப்பில் போலி ஆப் சுற்றியதைத் தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவு அறிவிப்பு வெளியிட்டே எச்சரித்திருக்கிறது. மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் வாங்கும் அக்காவுக்கும், நூறு நாள் வேலைச் சம்பளம் ஏறிவிட்டதா என்று பார்க்கும் அண்ணனுக்கும் இதே தூண்டிலைப் போட எவ்வளவு நேரம் ஆகும்? லட்ச ரூபாய் வைத்திருப்பவனைவிட, அந்த 2,000 ரூபாய் வராவிட்டால் கடையில் கடன் சொல்ல வேண்டியவர்தான் பதறிப்போய் அமுக்குவார். திருடனுக்கு அது தெரியும்.

இந்த மலை ஏமாற்றை அறியாத மலை இல்லை. நல்ல கூலி என்று ஆசை காட்டி, மரம் வெட்ட ஆள் பிடித்துப்போன ஏஜென்ட்களை இங்கே எல்லோருக்கும் தெரியும். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, போலீஸ் சுட்டு 20 பேர் செத்தார்கள். அதில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். அந்த ஏஜென்ட்டுக்காவது ஒரு முகம் இருந்தது. எந்த ஊர், யார் சொந்தம் என்று நாலு பேரிடம் விசாரிக்க முடிந்தது, பஞ்சாயத்தில் நிறுத்திக் கேட்க முடிந்தது. இப்போது வருகிற ஏஜென்ட் மலையே ஏறுவதில்லை. ஆர்.டி.ஓ. அபராத ரசீது என்று நம் நாட்டில் பரவிய ஒரு ஏ.பி.கே. மோசடிக்குப் பின்னால் வியட்நாம்காரர்கள் இருந்ததாக 2024இல் கிளவுட்செக் என்ற நிறுவனம் சொன்னது. யாரைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவது?

இவ்வளவு படித்துவிட்டு, ‘அப்டேட்டே வேண்டாம்பா’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதுவும் தப்பு. போனில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கத்தான் அப்டேட் வருகிறது. அடைக்காத ஓட்டை வழியாகவும் திருடன் வருவான். நிஜ அப்டேட் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். அது போனுக்குள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸைத் திறந்து கடைசி வரை போனால் ‘சிஸ்டம்’ அல்லது ‘அபவுட் போன்’ என்று இருக்கும். அதற்குள் ‘சாஃப்ட்வேர் அப்டேட்’. சில கம்பெனி போன்களில் அது தனியாக வெளியிலேயே இருக்கும். வாட்ஸ்அப், ஜிபே, வங்கி ஆப் போன்றவற்றுக்கான அப்டேட் பிளே ஸ்டோருக்குள் உங்கள் படத்தை அமுக்கினால் தெரியும். இந்த இரண்டு வாசலைத் தவிர மூன்றாவது வாசல் கிடையாது. மெசேஜில், லிங்க்கில், கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கும்போது திரையை மறைத்துக் குதிக்கும் ‘வைரஸ்! வைரஸ்!’ விளம்பரத்தில், போனில் பேசுகிறவர் வாயில், எதிலும் அப்டேட் வராது. எனக்கும் ஒருமுறை அப்படி ஒரு விளம்பரம் குதித்து, போன் அதிர்ந்து, ஒரு நொடி நெஞ்சு படபடத்தது உண்மை. அந்தப் பக்கத்தை மூடினேன். அவ்வளவுதான், ஒன்றும் ஆகவில்லை.

எடையைப் பார்த்தும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஆண்ட்ராய்டு வெர்ஷன் மாறுகிற அப்டேட் பெரும்பாலும் ஜி.பி. கணக்கில் இருக்கும். மலையில் அது இறங்க ஒருநாள் ஆகும் என்ற கவலை நியாயமானதே. அந்தக் கவலை தெரிந்துதான் ‘சின்ன அப்டேட், பத்து எம்.பி.தான், ஒரு நிமிஷம்’ என்று அவன் கூவுகிறான். போளூருக்கோ திருப்பத்தூருக்கோ இறங்கும் நாளில், நல்ல சிக்னலில், செட்டிங்ஸ் வழியாக அப்டேட் போடுங்கள். இன்னொரு விஷயம். நாலைந்து வருஷப் பழைய போன் என்றால் கம்பெனியே அப்டேட் தருவதை நிறுத்தியிருக்கலாம். கம்பெனியே தராத அப்டேட்டை வாட்ஸ்அப்பில் ஒருவன் கொண்டுவந்து கொடுக்கிறான் என்றால், அவனுக்கு அதில் என்ன லாபம் என்று கேட்டுப்பாருங்கள்.

பிளே ஸ்டோரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். சாம்சங் போன்களுக்கு அப்டேட் தருவதாகச் சொன்ன ஓர் ஆப் 2019இல் அங்கேயே இருந்தது. சாம்சங்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு கோடிப் பேருக்குமேல் இறக்கியிருந்தார்கள். இலவசமாகக் கிடைக்க வேண்டியதற்குக் காசு கேட்டது. அப்டேட்டுக்குத் தனி ஆப் எதற்கு?

செய்ய வேண்டியதில் ஒரே ஒரு யோசனையை அழுத்திச் சொல்கிறேன். மலையில் இன்னும் பட்டன் போன் நிறைய இருக்கிறது. அதைத் தூக்கிப் போடாதீர்கள். யுபிஐ பயன்படுத்தாத வீட்டில், வங்கியில் பதிந்த சிம்மை அந்தப் பட்டன் போனிலேயே வைத்திருங்கள். டச் போனில் எந்த ஏ.பி.கே. புகுந்தாலும் ஓடிபி அதன் கண்ணில் படாது. ஜிபே இல்லாமல் முடியாது என்பவர்கள், புளி விற்ற காசும் பலாப்பழம் விற்ற காசும் இருக்கிற கணக்கை அதில் இணைக்காமல், செலவுக்கு மட்டும் ஒரு சின்னக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் பாடத்துக்கும் விளையாட்டுக்கும் எடுக்கும் போன் வேறு, பணம் இருக்கும் போன் வேறு என்று பிரிக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஒரே போனை ஐந்து பேர் தொடும் வீட்டில், ‘யார் அமுக்கியது’ என்று கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

மாட்டிக்கொண்டால்? இங்கேதான் மலை நம்மைக் கைவிடுகிறது. கீழே ஊரில் ஒருவர் பணம் போன அடுத்த நிமிஷம் போன் போடுவார். இங்கே சிக்னல் தேடி நடக்கிற நேரத்தில் பணம் நாலு கணக்கு தாண்டிவிடும். அதனால் செய்ய வேண்டியதை மனத்துக்குள் முன்பே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சந்தேகம் வந்த கணமே அந்தப் போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். உள்ளே இருக்கும் ஆளுக்கு வெளியே பேச வழி அடைபடும். அந்தப் போனிலிருந்து யாரையும் அழைக்க வேண்டாம். பக்கத்து வீட்டு பட்டன் போன் போதும். எந்தப் போனாக இருந்தாலும் 1930ஐ அழைக்கலாம். நாடு முழுமைக்கும் சைபர் பணமோசடிக்கான அவசர எண் அது. எந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு, எத்தனை மணிக்குப் போனது என்று சொன்னால், பணம் போய்ச் சேரும் கணக்கை முடக்க முயல்வார்கள். அடுத்த போன் வங்கிக்கு. அந்த மெசேஜையும் அனுப்பிய நம்பரையும் அழிக்காதீர்கள். பிறகு ஸ்டேஷனுக்குப் போகும்போது அதுதான் சாட்சி. போன் அழைப்புகள் வேறு நம்பருக்குத் திருப்பிவிடப்பட்டிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், பிறகு அந்தச் சிம்மிலிருந்து ##002# டயல் செய்தால் எல்லாத் திருப்பலும் ரத்தாகும்.

அந்த ஆப்பை அழிப்பது லேசான காரியம் இல்லை. ‘சோவா’ என்ற திருட்டு மென்பொருளைப் பற்றி 2022 செப்டம்பரில் மத்திய அரசின் செர்ட்-இன் எச்சரித்தபோது ஒரு விஷயம் சொன்னார்கள். அழிக்கப் போனால் திரை தானாகவே முகப்புக்குத் திரும்பிவிடும், ‘இந்த ஆப் பாதுகாக்கப்பட்டுள்ளது’ என்று வேறு காட்டும். அதனால் தெரிந்த மொபைல் கடைக்காரரிடம் கொடுத்து, போட்டோக்களையும் சாட்சியான அந்த மெசேஜையும் எடுத்து வைத்துக்கொண்டு, போனையே முழுதாக ரீசெட் செய்துவிடுவதுதான் நல்லது. பாஸ்வேர்டு, பின் எல்லாவற்றையும் வேறு போனிலிருந்து மாற்றுங்கள்.

புகார் கொடுக்க வெட்கப்படுகிறவர்கள் உண்டு. ‘படிச்ச பையனே ஏமாந்துட்டான்’ என்று ஊர் பேசுமே என்று. 2024இல் மட்டும் இந்த நாட்டில் சைபர் மோசடியில் போன பணம் 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்னது. அதற்கு முந்தைய வருஷம் 7,465 கோடி. இதில் பட்டணத்துப் படித்தவர்கள் எவ்வளவு பேர் இருப்பார்கள்! வெட்கப்பட்டு மூன்று நாள் சும்மா இருந்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட சுற்றறிக்கை, உங்கள் தப்பும் வங்கியின் தப்பும் இல்லாமல் போன பணத்துக்கு மூன்று வேலை நாளுக்குள் வங்கியில் சொல்லிவிட்டால் உங்களுக்குப் பொறுப்பு இல்லை என்கிறது. உங்கள் கவனக்குறைவால் போனது என்றாலும், நீங்கள் வங்கியில் சொன்ன பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. சொன்ன நேரம்தான் கணக்கு. அதனால் வங்கியில் சொன்னதற்கான எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்று இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். 1930 என்ற நம்பரைப் போனுக்குள் சேமிக்காதீர்கள். அந்த நேரத்தில் அந்தப் போனை நீங்கள் தொடக் கூடாது. ஒரு கரித்துண்டை எடுத்து, வீட்டுச் சுவரில், கேலண்டருக்குப் பக்கத்தில், பெரிதாக எழுதி வையுங்கள். படிக்கத் தெரியாத ஆயாவுக்கும் அந்த நாலு எண்ணை வாய்ப்பாடாகச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.